அமெரிக்கா போகும் பேனலுக்கு எஸ்சிசிஆர் 35 கேஏ கேட்கிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

#1 கோவை_பேனல்

வணக்கங்க. கோவையில பேனல் ஷாப் வச்சிருக்கோம். இதுவரைக்கும் உள்ளூர் மெஷின் பில்டர்களுக்குத்தான் செஞ்சு கொடுத்துட்டிருந்தோம். இப்ப ஒரு பேக்கிங் மெஷின் அமெரிக்காவுக்கு, ஒஹையோ மாநிலத்துக்குப் போகுது. பர்ச்சேஸ் ஆர்டர்ல ஒரே ஒரு வரிதான்: பேனலின் எஸ்சிசிஆர் குறைந்தது 35 கேஏ, 480 வோல்ட். எஸ்சிசிஆர்னா ஷார்ட் சர்க்கியூட் வந்தா பேனல் எத்தனை கேஏ, அதாவது எத்தனை ஆயிரம் ஆம்பியர், தாங்கும்ங்கற மதிப்புன்னு மட்டும் தெரியும். வேற விளக்கம் எதுவும் இல்லைங்க.

பேனல்ல இருக்கறது: மெயின் 200 ஆம்பியர் எம்சிசிபி (பெரிய சர்க்கியூட் பிரேக்கர்), அதுக்குக் கீழ டிஸ்ட்ரிபியூஷன் பிளாக். 15 ஹெச்பி ட்ரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தறது) ரெண்டு. 3 ஹெச்பி மோட்டார் ஆறு, எல்லாத்துக்கும் எம்பிசிபியும் (மோட்டார் பாதுகாப்பு பிரேக்கர்) கான்டாக்டரும் (மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற காந்த சுவிட்ச்). சீலிங் ஹீட்டருக்கு மூணு எம்சிபி (சின்ன பிரேக்கர்). 2 கேவிஏ கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர். லேஅவுட் முடிஞ்சாச்சு, மவுன்டிங் பிளேட்ல ட்ரில் போடப்போறோம்.

மெயின் எம்சிசிபி மேல 50 கேஏன்னு இருக்கு. அதை வச்சு நேம்பிளேட்ல 35 போட்டுக்கலாமுங்களா?

#2 ஃபீடர்_பில்லர்

ட்ரில்லிங்கை நிறுத்தி வையுங்கள். மெயினை வைத்து எஸ்சிசிஆர் போட முடியாது. பவர் சர்க்கியூட்டில் இருக்கும் பொருள்களில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதுதான் பேனல் முழுவதற்குமான மதிப்பு. மெயின் 50 கேஏ, நடுவில் ஒரு கான்டாக்டர் 5 கேஏ என்றால் பேனல் 5 கேஏதான்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்சிசிபிக்கும் ஃபியூஸுக்கும் போட்டிருப்பது பிரேக்கிங் கெபாசிட்டி, அதாவது எவ்வளவு ஃபால்ட் கரன்டை அது துண்டிக்கும் என்பது. கான்டாக்டர், டிஸ்ட்ரிபியூஷன் பிளாக், ஓவர்லோட் ரிலே இவையெல்லாம் எதையும் துண்டிப்பதில்லை. துண்டிக்கப்படும் வரை வெடிக்காமல், தீப்பிடிக்காமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்பார்களுக்கு இடையே வரும் விசை கரன்டின் வர்க்கத்தோடு ஏறும். 10 கேஏ 35 கேஏ ஆகும்போது விசை மூன்றரை மடங்கு ஆவதில்லை, 12 மடங்குக்கு மேல் போகிறது. 10 கேஏ பிளாக்கை அங்கே வைத்தால் நடப்பது பிளாக் உடைந்து, கதவு திறந்து, முன்னால் நிற்கும் ஆள் மேல் ஆர்க் அடிப்பதுதான். அதனால்தான் இந்த எண்ணை இவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் இது சட்டப்படியான விஷயம். என்இசியில் (அமெரிக்காவின் மின்சார விதித்தொகுப்பு) 2005 பதிப்பிலிருந்து 409ஆம் பிரிவு இண்டஸ்ட்ரியல் கன்ட்ரோல் பேனலுக்கென்றே இருக்கிறது. 409.110 நேம்பிளேட்டில் எஸ்சிசிஆர் இருக்க வேண்டும் என்கிறது. பேனல் இருக்கும் இடத்தில் வரக்கூடிய ஃபால்ட் கரன்ட் அந்த எண்ணைத் தாண்டினால் அங்கே பொருத்தவே கூடாது என்கிறது 409.22. மெஷினரிக்கு 670.5 இதையே சொல்கிறது. கணக்குப் போடும் முறை யூஎல் (அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பு) 508ஏ தரத்தின் எஸ்பி இணைப்பில் இருக்கிறது.

#3 கிண்டி_எஸ்டேட்

இங்கே ஐஇசி 61439 (சர்வதேச பேனல் தரம்) படி செய்து பழகியவர்களுக்கு இதில்தான் தடுமாற்றம். அந்தத் தரத்தில், பேனல் இருக்கும் இடத்தில் ஃபால்ட் கரன்ட் 10 கேஏக்குள் இருந்தாலோ, மேலே இருக்கும் கரன்ட் லிமிட்டிங் சாதனம் உச்சத்தை 17 கேஏக்குள் வெட்டிவிட்டாலோ, ஷார்ட் சர்க்கியூட் சரிபார்ப்பே தேவையில்லை என்று விலக்கு உண்டு. நம் ஊர் சின்ன பேனல்கள் பெரும்பாலும் அந்த விலக்கிலேயே ஓடிவிடும். யூஎல்லில் அப்படிப் பொதுவான விலக்கு கிடையாது. வெறும் கன்ட்ரோல் சர்க்கியூட் மட்டும் உள்ள பேனலுக்குத்தான் விலக்கு.

இன்னொன்று, உங்கள் எம்சிசிபியில் பார்த்த 50 கேஏ எந்த வோல்டேஜுக்கு? 415 வோல்ட் ஐசியூ (ஐஇசி படியான துண்டிக்கும் திறன்) என்றால் அது அமெரிக்கக் கணக்கில் செல்லாது. யூஎல் 489 முத்திரையோடு 480 வோல்ட்டுக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பிரேக்கரில் இரண்டு அட்டவணையும் அச்சடித்திருப்பார்கள், எண்கள் வேறு வேறாக இருக்கும்.

#4 கோவை_பேனல்

பார்த்துட்டேன் சார். 415க்கு 50, யூஎல் 480க்கு 35ன்னு இருக்கு. மெயின் தப்பிச்சுது. எம்சிபி எல்லாம் 10 கேஏ, அதை என்ன பண்றது?

#5 ஃபீடர்_பில்லர்

எம்சிபி முகப்பில் சின்னச் செவ்வகக் கட்டத்துக்குள் 10000 என்று மட்டும் அச்சடித்திருக்கும், யூனிட் இருக்காது. அது ஐஇசி 60898 படியான எண். அந்தத் தரம் வீட்டுக்கும் அது போன்ற இடங்களுக்குமான எம்சிபிக்கு. அமெரிக்கக் கணக்கில் அந்த 10000க்கு மதிப்பே இல்லை.

அதே எம்சிபியின் பக்கவாட்டில் யூஎல் 1077 என்று இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். அது சப்ளிமென்டரி புரொடெக்டர் மட்டுமே. பிராஞ்ச் சர்க்கியூட் (ஒவ்வொரு லோடுக்கும் தனியாகப் பிரியும் சர்க்கியூட்) பாதுகாப்புக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. தனியாக மதிப்பு எதுவும் அறிவிக்கப்படாவிட்டால் யூஎல் 508ஏ அட்டவணை அதற்குத் தரும் எஸ்சிசிஆர் 0.2 கேஏ, வெறும் 200 ஆம்பியர். ஹீட்டர் சர்க்கியூட்டில் அதை வைத்து அனுப்பினால் உங்கள் பேனல் முழுவதன் எஸ்சிசிஆரும் வெறும் 200 ஆம்பியர் ஆகிவிடும்.

யூஎல் 489 எம்சிபி வாங்கலாம், ஆனால் 480 வோல்ட்டில் அவை பெரும்பாலும் 10 கேஏ அளவில்தான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது 35. ஹீட்டருக்கு கிளாஸ் சிசி ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும் போட்டுவிடுங்கள். 30 ஆம்பியர் வரை கிடைக்கும், 600 வோல்ட்டில் 200 கேஏ துண்டிக்கும், எம்சிபி அளவு இடமே போதும். ஹோல்டருக்கும் தனி மதிப்பு உண்டு. அறிவிக்காத ஃபியூஸ் ஹோல்டருக்கு 10 கேஏதான் கணக்கு, எனவே 200 கேஏ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

அறிவிக்கப்படாத மற்றவற்றுக்கும் அட்டவணை மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரிபியூஷன் பிளாக், டெர்மினல் பிளாக், பஸ்பார் 10 கேஏ. 50 ஹெச்பி வரையிலான கான்டாக்டர், ஓவர்லோட், ட்ரைவ் 5 கேஏ. சர்க்கியூட் பிரேக்கர், டிஸ்கனெக்ட் சுவிட்ச் 5 கேஏ. கேட்லாக்கில் எதுவும் கிடைக்காதபோது இந்த எண்தான்.

#6 ஹூஸ்டன்_தமிழன்

நான் இங்கே வாங்கும் பக்கத்தில் இருப்பவன். பில்டர்கள் கேட்க மறக்கும் முதல் கேள்வியைச் சொல்கிறேன்: 35 எங்கிருந்து வந்தது? பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பழைய ஸ்பெக்கிலிருந்து ஒட்டிய எண்ணா, பேனல் நிற்கப்போகும் இடத்தில் கணக்கிட்டதா? பேனல் டெர்மினலில் வரும் ஃபால்ட் கரன்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கிட்டது என்று எழுத்தில் கேளுங்கள். 2017 என்இசியிலிருந்து இந்த எண்ணும் தேதியும் ஆவணமாக இருக்க வேண்டும் என்றே 409.22 கேட்கிறது. எனவே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அதோடு சிஸ்டம் கிரவுண்டிங் என்ன என்றும் கேளுங்கள். நேரடியாக கிரவுண்ட் செய்த ஸ்டாரா, டெல்டாவா, ரெசிஸ்டன்ஸ் கிரவுண்டிங்கா? உங்கள் எம்பிசிபி தேர்வு முழுக்க அதில்தான் தொங்குகிறது.

#7 ஃபீடர்_பில்லர்

சரியாகச் சொன்னீர்கள். 35 எப்படி வந்திருக்கும் என்று ஒரு ஊகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 480 வோல்ட், இம்பீடன்ஸ் (ஏசி கரன்டுக்கான மொத்த எதிர்ப்பு) 5.75 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். ஃபுல் லோட் 1804 ஆம்பியர். அதை 0.0575 ஆல் வகுத்தால் 31.4 கேஏ. மோட்டார்கள் திருப்பி ஊட்டும் கரன்டையும் சேர்த்து மேலே ரவுண்ட் செய்தால் 35 வந்துவிடுகிறது.

ஆனால் அது டிரான்ஸ்ஃபார்மர் டெர்மினலில். பேனல் அங்கே நிற்கப்போவதில்லை. நடுவில் 60 மீட்டர் கேபிள், 3/0 செப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியருக்கு அங்கே அதுதான் வழக்கமான சைஸ். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ், 0.08 ஓம் ரியாக்டன்ஸ். 60 மீட்டருக்கு 12 மில்லிஓம், 5 மில்லிஓம். டிரான்ஸ்ஃபார்மரின் பங்கு 9 மில்லிஓம், அநேகமாக முழுக்க ரியாக்டன்ஸ். ரியாக்டன்ஸ் மொத்தம் 14, ரெசிஸ்டன்ஸ் 12, இம்பீடன்ஸ் 18 மில்லிஓம் சுற்றி. 277 வோல்ட்டை அதால் வகுத்தால் 15 கேஏ. பாதிக்கும் கீழே வந்துவிட்டது!

கஸ்டமர் இந்தக் கணக்கைப் போட்டு உறுதி செய்தால் 22 அல்லது 25 கேஏ பேனலே தாராளமாகப் போதும்.

#8 ஹூஸ்டன்_தமிழன்

கணக்கோடு உடன்படுகிறேன், முடிவோடு இல்லை. மெஷின் ஒரே இடத்தில் நிற்காது. லைனை மாற்றுவார்கள், பஸ் டக்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். கரன்ட் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினால் எண் ஏறிவிடும். பேனலில் இருக்கும் எண் மட்டும் அப்படியே இருக்கும். அன்றைக்கு 22 கேஏ பேனலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் ஸ்பெக் எழுதினால் 65 என்றுதான் எழுதுவேன்.

#9 கிண்டி_எஸ்டேட்

65 என்று எல்லாவற்றுக்கும் எழுதுவதால்தான் சின்ன பில்டர்கள் கணக்கே போடாமல் நேம்பிளேட்டில் 65 அச்சடித்து அனுப்புகிறார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. 5 கேஏ என்று உண்மையைச் சொல்லும் லேபிள் இருந்தால் இன்ஸ்பெக்டர் தடுத்து நிறுத்திவிடுவார். 65 என்று பொய் சொல்லும் லேபிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்பெக் எழுதுகிறவர் ஃபால்ட் கரன்ட், வோல்டேஜ், கிரவுண்டிங் மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டு, கூடவே கணக்குத் தாளையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு கம்போனென்ட்டுக்கும் மதிப்பு என்ன, எந்த மேனுவலின் எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது என்ற தாள். அந்தத் தாள் இல்லாத 65ஐ விட, தாளோடு வரும் 25 எனக்கு மேல்.

#10 ஹூஸ்டன்_தமிழன்

தாள் கேட்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஃபியூஸ் வைத்துச் செய்யும்போது 25க்கும் 65க்கும் விலை வித்தியாசம் அதிகமில்லை என்பதையும் பாருங்கள். பிரேக்கர் வைத்துச் செய்யும்போதுதான் விலை எகிறும்.

#11 கோவை_பேனல்

கஸ்டமருக்கு மெயில் போட்டுட்டேன். ஒரு சந்தேகம் சார். மெயின் எம்சிசிபியைத் தூக்கிட்டு 200 ஆம்பியர் கிளாஸ் ஜே ஃபியூஸ் போட்டா, அது கரன்டை லிமிட் பண்ணும்ல? அப்ப கீழ இருக்கற 5 கேஏ கான்டாக்டர், 10 கேஏ பிளாக் எல்லாம் தானா தப்பிச்சுக்காதா?

#12 ஃபீடர்_பில்லர்

நல்ல கேள்வி. பலரும் இங்கேதான் விழுகிறார்கள்.

யூஎல் 508ஏ ஒரு வழி தருகிறது. ஃபீடரில் (பிராஞ்சுகள் பிரியும் முன் இருக்கும் மெயின் பகுதியில்) கரன்ட் லிமிட்டிங் ஃபியூஸ் இருந்தால், அது கீழே விடும் உச்ச கரன்டை அட்டவணையில் பார்த்து, கீழே இருக்கும் பொருளின் மதிப்போடு ஒப்பிடலாம். உச்சம் அந்த மதிப்பைத் தாண்டாவிட்டால் பொருளின் மதிப்பை உயர்த்திக்கொள்ளலாம். 50 கேஏ ஃபால்ட்டில் 200 ஆம்பியர் கிளாஸ் ஜே விடுவது 16 கேஏ. உங்கள் பிளாக் 10. போகாது. 60 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 8 கேஏ, அப்போது 10 கேஏ பிளாக் தப்பிக்கும். ஆனால் 5 கேஏ கான்டாக்டர் அப்போதும் தப்பிக்காது. 30 ஆம்பியர் ஃபியூஸ்கூட 6 கேஏ விடுகிறது. ஆக, அட்டவணை மதிப்பு 5 கேஏவில் நிற்கும் கான்டாக்டரை இந்த வழியில் கரையேற்றவே முடியாது.

மேலும் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. இந்த ஒப்பீடு ஃபீடர் சாதனத்துக்கு மட்டும்தான், பிராஞ்ச் ஃபியூஸை வைத்து அதே பிராஞ்சில் இருக்கும் கான்டாக்டரை உயர்த்த முடியாது. பிராஞ்ச் பிரேக்கரின் துண்டிக்கும் மதிப்பையும் மேலே இருக்கும் ஃபியூஸ் உயர்த்தாது, இரண்டையும் சேர்த்து சோதித்த சீரீஸ் ரேட்டிங் இருந்தால் மட்டுமே முடியும். மெயினில் பிரேக்கர் என்றால், அதன் மேல் கரன்ட் லிமிட்டிங் என்று அச்சடித்திருக்க வேண்டும். சாதாரண எம்சிசிபிக்கு அந்த முத்திரை இருக்காது.

எனவே வழி காம்பினேஷன் ரேட்டிங்தான். கான்டாக்டர் கம்பெனியே குறிப்பிட்ட ஃபியூஸோடோ எம்பிசிபியோடோ சேர்த்துச் சோதித்து அட்டவணை போட்டிருக்கும். அந்த மாடல் நம்பர், அந்த ஃபியூஸ் கிளாஸ், அந்த ஆம்பியர் வரம்பு மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும். கான்டாக்டரை வேறு கம்பெனியில் வாங்கினால் ரேட்டிங் போச்சு. டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்கிலும் 200 ஆம்பியர் கிளாஸ் ஜேயோடு 100 கேஏ என்று சோதித்த மாடல்கள் கிடைக்கும். ஃபீடர் பக்கத்துக்கு இடைவெளியும் வேண்டும்: 480 வோல்ட்டில் காற்றில் 25.4 மி.மீ., பரப்பின் மேல் 50.8 மி.மீ. நம் ஊர் சின்ன பிளாக்குகள் இதில் தோற்றுவிடும்.

#13 ட்ரைவ்_டெஸ்க்

எம்பிசிபி பற்றி நான் சேர்க்கிறேன். அதே எம்பிசிபியை அமெரிக்காவில் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். மேனுவல் மோட்டார் கன்ட்ரோலராக வைத்தால் மேலே ஃபியூஸோ பிரேக்கரோ கட்டாயம். டைப் இ ஆக வைத்தால் அதுவே பிராஞ்ச் பாதுகாப்பு, அதனோடு சோதித்த கான்டாக்டரைச் சேர்த்தால் டைப் எஃப். 3 ஹெச்பி மோட்டாருக்கு டைப் எஃப் சேர்க்கையில் 65 கேஏ வரை அட்டவணையில் கிடைக்கும்.

ஆனால் டைப் இ ஆவதற்கு லைன் பக்கத்தில் பெரிய இடைவெளி தரும் டெர்மினல் அடாப்டர் வேண்டும். நம் ஊர் டீலர்கள் அதை ஸ்டாக் வைப்பதில்லை, ஆர்டர் போடும்போதே தனியாகக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் அட்டவணையில் உள்ள 65 உங்களுக்கு இல்லை. ஹூஸ்டன் நண்பர் கிரவுண்டிங் கேட்டதும் இதற்காகத்தான்: டைப் இ ரேட்டிங் 480ஒய்/277 என்று சாய்கோடு போட்டு இருக்கும். நேரடியாக கிரவுண்ட் செய்த ஸ்டார் சிஸ்டத்துக்கு மட்டும்தான் அது. டெல்டா என்றால் ஃபியூஸுக்குத்தான் போக வேண்டும்.

ட்ரைவுக்கு மேனுவலைத் திறந்து எஸ்சிசிஆர் அட்டவணையைப் பாருங்கள். ஒரே ட்ரைவ் கிளாஸ் ஜே ஃபியூஸோடு 100 கேஏ, பிரேக்கரோடு அதைவிடக் குறைவு என்று இருக்கும். அடிக்குறிப்பில் என்க்ளோஷரின் குறைந்தபட்ச கன அளவு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில ட்ரைவுகளுக்கு அது நிபந்தனை. ட்ரைவுக்குள் இருக்கும் ஷார்ட் சர்க்கியூட் பாதுகாப்பு பிராஞ்ச் பாதுகாப்பு ஆகாது.

#14 புது_சைட்_இன்ஜினியர்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். பேனல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, லேபிளில் 5 கேஏ, இடத்தில் 18 கேஏ என்றால் என்ன செய்வது? வெளியே ஒரு ஃபியூஸ் பாக்ஸ் வைத்து கரன்டை வெட்டினால் போதாதா அண்ணா?

#15 ஃபீடர்_பில்லர்

போதாது தம்பி. வெளியே வைக்கும் ஃபியூஸைக் காட்டி ஃபால்ட் கரன்ட் குறைந்துவிட்டது என்று எழுத முடியாது. பேனல் லேபிளிலேயே "இந்த கிளாஸ் ஃபியூஸ், இத்தனை ஆம்பியருக்குள், வெளியே வைத்தால் இந்த எஸ்சிசிஆர்" என்று இருந்தால்தான் செல்லும். அதை எழுதும் பொறுப்பு பேனல் செய்தவருடையது.

இம்பீடன்ஸைக் கூட்டினால் கரன்ட் உண்மையாகவே குறையும். பேனல் லோட் சின்னது என்றால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். 75 கேவிஏ, 480 வோல்ட், 4 சதவீதம் என்றால் செகண்டரியில் 90 ஆம்பியரை 0.04 ஆல் வகுத்து 2.3 கேஏக்கு மேல் வராது. 5 கேஏ பேனல் அங்கே நிம்மதியாக ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் செலவு, இடம், வெப்பம் எல்லாம் கஸ்டமர் தலையில். அதனால்தான் பொருள் பட்டியல் போடும் முன்பே எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பேனல் கப்பல் ஏறிய பிறகு திருத்துவது எப்போதும் இப்படித்தான் முடியும்.

#16 கோவை_பேனல்

கஸ்டமர் பதில் வந்துடுச்சுங்க. பேனல் டெர்மினல்ல 17.6 கேஏ, கணக்குப் போட்ட தேதியோட கொடுத்திருக்காங்க. நேரடியா கிரவுண்ட் பண்ணின 480ஒய்/277 ஸ்டார். பின்னாடி லைன் மாத்தற திட்டம் இருக்கறதால 35 அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.

இப்ப பண்ணியிருக்கற மாத்தம்: மெயின் 200 ஆம்பியர் கிளாஸ் ஜே ஃபியூஸ்டு டிஸ்கனெக்ட். அதே ஃபியூஸோட சோதிச்ச 100 கேஏ பிளாக். ட்ரைவ் ரெண்டுக்கும் மேனுவல் சொல்ற கிளாஸ் ஜே. மோட்டார் ஆறுக்கும் டைப் எஃப், அடாப்டரோட, 65 கேஏ. ஹீட்டருக்கு கிளாஸ் சிசி, அதோட 100 கேஏக்கு சோதிச்ச கான்டாக்டர். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரிக்கும் கிளாஸ் சிசி. எல்லாத்துலயும் குறைஞ்சது டைப் எஃப்தான், 65. லேபிள்ல 65 போடட்டுமா, 35 போடட்டுமா?

#17 கிண்டி_எஸ்டேட்

தாள் 65 என்று காட்டினால் 65 போடுங்கள். ஃபியூஸ் டிஸ்கனெக்ட் சுவிட்சின் மதிப்பைச் சொல்லவில்லையே? கிளாஸ் ஜேயோடு 200 கேஏ என்று அதன் லேபிளில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அது ஒன்றே உங்களை 5 கேஏக்கு இழுத்துவிடும். டைப் எஃப்பால் லேபிளின் வோல்டேஜ் 480ஒய்/277 என்றுதான் வர வேண்டும், வெறும் 480 என்று எழுதாதீர்கள். ஷாப்புக்கு யூஎல் 508ஏ லிஸ்டிங் இல்லை என்றால் அங்கே இன்ஸ்பெக்டர் ஃபீல்டு எவாலுவேஷன் (பேனலை நிறுவும் இடத்திலேயே வைத்துச் செய்யும் சோதனை) கேட்கலாம். அதையும் கஸ்டமரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

#18 கோவை_பேனல்

சுவிட்ச் லேபிள் பார்த்தேன் சார், கிளாஸ் ஜேயோட 200 கேஏன்னு இருக்கு. ட்ரைவுக்கு லோக்கல் டீலர் கிளாஸ் ஆர்கே1 தர்றேங்கறாரு, மேனுவல்லயும் அது இருக்கு. ஜேக்குப் பதிலா அதைப் போடலாமுங்களா?

#19 ஃபீடர்_பில்லர்

ஜேயிலேயே நில்லுங்கள். ஆர்கே1 ஹோல்டரில் ஆர்கே5 ஃபியூஸும் அப்படியே உட்கார்ந்துவிடும். அது விடும் உச்ச கரன்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று வருஷம் கழித்து ஒஹையோவில் ஒரு எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்ததைப் போட்டால் உங்கள் கணக்குத் தாளுக்கு அர்த்தமில்லை. கிளாஸ் ஜே அளவே தனி, அந்த ஹோல்டரில் வேறு கிளாஸ் நுழையாது. கிளாஸ் சிசி ஹோல்டரிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஹோல்டருக்குப் பக்கத்திலும் கிளாஸும் அதிகபட்ச ஆம்பியரும் எழுதிய லேபிள் ஒட்டுங்கள், ஸ்பேர் ஃபியூஸ் ஒரு செட் டிராயிங் பாக்கெட்டில் வைத்து அனுப்புங்கள். இனி ட்ரில் போடலாம்.